அலுவலக நாள் எத்தனை, வீட்டு நாள் எத்தனை? – வாசகர் கேள்வி பதில்

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது வீட்டுக்கு வந்த வேலை, இப்போது பாதி வீட்டிலும் பாதி அலுவலகத்திலுமாக நின்றுவிட்டது. எந்த நாள் எங்கிருந்து வேலை பார்த்தோம் என்பது அன்று யாருக்கும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. இன்று அந்த எண்ணிக்கையை வைத்து ஊக்கத்தொகையும் ஆண்டு மதிப்பீடும், சில இடங்களில் பதவி உயர்வும் முடிவாகின்றன. அதனால் அண்மையில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இந்தக் கணக்கைப் பற்றியே இருந்தன. சம்பளப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்ற முறையில், இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

சோழிங்கநல்லூரில் ஒரு தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் எட்டு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். மாதம் 12 நாள் அலுவலகம் வர வேண்டும் என்பது விதி. சென்ற மாதம் 12 நாளும் போனதாகத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். மாத முடிவில் வந்த பட்டியலில் 9 நாள் என்று இருக்கிறது. மேனேஜரிடம் கேட்டால், "சிஸ்டம் காட்டுவதுதான் கணக்கு" என்கிறார். எந்தெந்தத் தேதியில் போனேன் என்று எனக்கே இப்போது சொல்லத் தெரியவில்லை. என்ன செய்வது?
– வாசகி, பெரும்பாக்கம்

உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் என்னை வருத்தியது. போனது நீங்கள், போன நாளின் பதிவோ முழுக்க முழுக்க இன்னொருவர் கையில் இருக்கிறது. ஆகவே சென்ற மாதத்தை மீட்பது ஒரு வேலை, இனிவரும் மாதங்களில் இந்த நிலை வராமல் பார்த்துக்கொள்வது இன்னொரு வேலை என்று இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள்.

காணாமல் போன மூன்று நாள்கள் எங்கே போயிருக்கும் என்று முதலில் பார்ப்போம். நான் பார்த்தவரையில் இத்தகைய குறைவுக்குக் காரணங்கள் சிலவே. நாலைந்து பேர் சேர்ந்து உள்ளே நுழையும்போது முன்னால் போகிறவர் அட்டையைக் காட்டிக் கதவைத் திறக்க, பின்னால் வருகிறவர்கள் தங்கள் அட்டையைத் தேய்க்காமலே உள்ளே போய்விடுவது மிகவும் சாதாரணமாக நடக்கிறது. அப்படிப் போனவருக்கு அன்று வருகையே இருக்காது. கிண்டியிலோ அம்பத்தூரிலோ இருக்கும் வாடிக்கையாளர் அலுவலகத்தில் நாள் முழுவதும் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தாலும், அந்த வாசலில் பதிவான வருகை உங்கள் நிறுவனத்தின் கணக்குக்கு வந்து சேராது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று மதியமே புறப்பட்டிருந்தால், குறைந்தபட்ச மணி நேரம் நிறையவில்லை என்று அந்த நாளை அரை நாளாக எண்ணியிருப்பார்கள், அல்லது எண்ணாமலே விட்டிருப்பார்கள். தற்காலிக அட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போன நாளும் இப்படித் தவறிப்போகும்.

இவற்றுள் எது உங்களுக்குப் பொருந்தும் என்று கண்டுபிடிக்க, கேப்பில் வந்திருந்தால் பயணப் பதிவையும், சொந்த வண்டியென்றால் வாகன நிறுத்தச் சீட்டையும், உணவகத்தில் ஜிபே மூலம் பணம் கட்டியிருந்தால் அதன் வரலாற்றையும், இருக்கை முன்பதிவு செய்யும் வசதி இருந்தால் அதிலுள்ள பட்டியலையும் ஒரு தாளில் தேதி வாரியாக எழுதுங்கள். பிறகு தேதி வாரியான வருகைப் பட்டியலை ஹெச்.ஆர். பிரிவில் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "எனக்கு மூன்று நாள் குறைகிறது" என்று எழுதினால் உங்களுக்கு வரும் பதில் மேனேஜர் சொன்ன அதே வாக்கியமாகத்தான் இருக்கும். "இன்ன தேதியில் காலை இத்தனை மணிக்கு இந்த வாசல் வழியாக வந்தேன், கேப் பதிவு இணைத்திருக்கிறேன், விடுபட்ட வருகையைச் சேர்த்து ரெகுலரைஸ் செய்து தாருங்கள்" என்று ஒவ்வொரு நாளையும் தனித்தனியாக எழுதினால், மறுப்பவர் அந்தத் தேதிக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். திருத்தத்துக்கு மாதந்தோறும் ஒரு கெடு இருக்கும். சம்பளக் கணக்கு முடிந்த பிறகு போனால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடுவார்கள். ஆகவே இன்றே எழுதுங்கள்.

இனி வரும் மாதங்களுக்கு நான் சொல்லும் வழி மிக எளியது. நம் வீடுகளில் அடுப்படிச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் அம்மாக்கள் பால் கணக்கு எழுதுவார்களே, அதே முறைதான். பால் வராத நாளில் ஒரு சுழி, கூடுதல் பாக்கெட் வாங்கிய நாளில் ஒரு கோடு. மாதக் கடைசியில் பால்காரரோடு வாதமே வராது. என் அம்மா அந்தக் காலண்டரைப் பார்க்காமல் ஒரு மாதம்கூடப் பணம் கொடுத்ததில்லை. அதில் அவர் விடாமல் காத்த விதி ஒன்றுதான்: அன்றன்றைக்கு எழுதிவிட வேண்டும்.

அலுவலகம் போன நாளுக்கு 'அ', வீட்டிலிருந்து வேலை பார்த்த நாளுக்கு 'வீ', விடுப்புக்கு 'வி', பொது விடுமுறைக்கு 'பொ', வாடிக்கையாளர் இடத்திலோ வெளியூரிலோ பணி என்றால் 'வெ' என்று ஐந்து குறிகள் போதும். 'அ' என்று எழுதும் நாளில் உள்ளே போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள். கணினியில் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் கூகுள் ஷீட்ஸிலோ எக்செல்லிலோ தேதிக்கு ஒரு வரி போட்டு, இந்தக் குறிகளை மட்டும் தேர்ந்தெடுக்கும்படி அமைத்து, கவுண்ட்இஃப் சூத்திரத்தால் ஒவ்வொரு குறியையும் எண்ணச் செய்யலாம். செயலிகளும் பல இருக்கின்றன. ஆனால் எந்தச் செயலி நல்லது என்று தேடுவதில் ஒரு வாரத்தைக் கழிப்பதைவிட, கையில் இருக்கும் நோட்டில் இன்றைய தேதியை எழுதிவிடுவது மேல்.

வெள்ளிக்கிழமைதோறும் வேலை முடிந்தவுடன், நிறுவன இணையதளம் காட்டும் எண்ணும் உங்கள் எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். ஐந்து நாளுக்குள் தெரிந்த பிழையைத் திருத்துவது எளிது. முப்பது நாளுக்குப் பின் தெரிந்தால் யாருக்கும் நினைவிருக்காது. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் வாசல் இயந்திரம் பழுதாகி, ஒரு தளத்தில் இருந்த அத்தனை பேருக்கும் இரண்டு நாள் வருகை பதிவாகவில்லை. தேதியும் நேரமும் எழுதி வைத்திருந்த சிலர் முதல் வாரத்திலேயே கேட்டார்கள். அவர்கள் கேட்டதால்தான் மற்றவர்களுக்கும் அந்த நாள்கள் திரும்பக் கிடைத்தன.

ஓர் எச்சரிக்கை. உங்கள் கணக்கை அலுவலக மடிக்கணினியில் மட்டும் வைக்காதீர்கள். வேலையை விட்ட மறுநாளே அது உங்கள் கைக்கு எட்டாது. அதற்காக நிறுவனத்தின் பட்டியலை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பவும் வேண்டாம். தகவல் பாதுகாப்பு விதியை மீறியதாக அது வேறொரு சிக்கலில் கொண்டுபோய் விடும். உங்கள் வருகையை உங்கள் நோட்டில் நீங்களே எழுதிக்கொள்வதை எந்த விதியும் தடுக்காது.

எங்கள் நிறுவனத்தில் 60 சதவீதம் அலுவலக வருகை கட்டாயம். 2026 ஜனவரியில் நான் 10 நாள் அலுவலகம் போனேன். பொங்கலுக்கு முன் மூன்று நாள் விடுப்பு எடுத்திருந்தேன். எனக்குக் குறைவு என்று அறிவிப்பு வந்திருக்கிறது. என் கணக்கில் நிறைவாகவே இருக்கிறது. யார் கணக்கு சரி?
– வாசகர், மேடவாக்கம்

இரண்டு கணக்கும் சரியாக இருக்கக்கூடும். வருகை எத்தனை நாள் என்பதில் உங்களுக்கும் அவர்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எதனால் வகுப்பது என்பதில்தான் வேறுபாடு.

2026 ஜனவரியில் திங்கள் முதல் வெள்ளி வரையிலான நாள்கள் 22. ஆங்கிலப் புத்தாண்டு, 15-ஆம் தேதி பொங்கல், 16-ஆம் தேதி திருவள்ளுவர் நாள், 26-ஆம் தேதி குடியரசு நாள் ஆகிய நான்கும் வார நாள்களில் வந்தன. உங்கள் நிறுவனம் இந்த நான்குக்கும் விடுமுறை விட்டிருந்தால் வேலை நாள் 18. நீங்கள் எடுத்த மூன்று நாள் விடுப்பையும் கழித்தால் 15. இப்போது 60 சதவீதம் என்பதைப் பாருங்கள்: 22-இல் அது 13.2, அதாவது 14 நாள் வர வேண்டும்; 18-இல் 10.8, அதாவது 11 நாள். 15-இல் சரியாக 9 நாள். நீங்கள் போன 10 நாள் முதல் முறையில் 45 சதவீதம், இரண்டாவது முறையில் 55 சதவீதத்துக்குச் சற்று மேல், மூன்றாவது முறையில் ஏறத்தாழ 67 சதவீதம். ஒரே மனிதர், ஒரே மாதம், ஒரே பத்து நாள்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, "நான் எத்தனை நாள் வந்தேன்?" என்பதல்ல. "பொது விடுமுறையைக் கழிக்கிறீர்களா, ஒப்புதல் பெற்ற விடுப்பைக் கழிக்கிறீர்களா, பின்னம் வந்தால் மேலே ஏற்றுகிறீர்களா, மாதத்துக்கு மாதம் பார்க்கிறீர்களா, மூன்று மாதச் சராசரியா?" என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். கொள்கை ஆவணத்தில் இந்த நான்குக்கும் விடை இல்லாவிட்டால், விடை வரும்வரை அந்த அறிவிப்பை ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டாம் என்பது என் கருத்து.

விடுமுறையை வகுக்கும் எண்ணில் சேர்ப்பது எனக்கு முறையாகத் தோன்றவில்லை. 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தேசிய, பண்டிகை விடுமுறைகள் சட்டம் ஆண்டுக்கு நான்கு தேசிய விடுமுறைகளையும் ஐந்து பண்டிகை விடுமுறைகளையும் சம்பளத்தோடு தருகிறது. அந்தச் சட்டத்தில் வருகைச் சதவீதம் பற்றிப் பேச்சில்லை. ஆனால் விடுமுறை கொடுத்துவிட்டு, அந்த நாளையும் வர வேண்டிய நாளாக எண்ணினால், கொடுத்ததை வேறொரு நாளில் திரும்ப வாங்கிக்கொள்வதாகிறது. விடுப்பைப் பற்றி நிறுவனங்களுக்கு வேறு வாதம் இருக்கலாம். விடுமுறையைப் பற்றி அப்படி ஒரு வாதத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

இரவு 10 மணிக்குப் பணி தொடங்கி மறுநாள் காலை 7 மணிக்கு முடிகிறது. திங்கள் இரவு போய்ச் செவ்வாய் காலை வந்தால் எந்த நாளில் குறிப்பது?
– வாசகர், வேளச்சேரி

பணி தொடங்கிய தேதியில் குறியுங்கள். ரோஸ்டர் எனப்படும் பணிநேரப் பட்டியலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் இயந்திரம் நள்ளிரவில் தேதியை மாற்றிவிடுவதால், திங்களன்று இரண்டு மணி நேரமும் செவ்வாயன்று ஏழு மணி நேரமும் என்று பிரித்து, திங்களைக் குறை நாளாகக் காட்டுவது உண்டு. உங்கள் ஷிஃப்ட் இணையதளத்தில் சரியாக ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும். மாதத்தின் கடைசி இரவில் தொடங்கும் பணியைத் தனியாக வட்டமிட்டு வையுங்கள். அது இரண்டு மாதங்களுக்கு நடுவில் விழுந்து, எந்த மாதத்திலும் சேராமல் போய்விடும்.

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி. மாதம் 10 நாள் சென்னை அலுவலகத்தில் இருந்தால் போதும். மாதந்தோறும் இரண்டு வாரம் வந்து தாம்பரத்தில் ஒரு விடுதியில் தங்குகிறேன். கடைசி நேரத்தில் ரயிலில் இடம் கிடைப்பதில்லை. வீட்டு வாடகைப்படி விலக்கு கேட்கும்போது எந்த ஊரைக் காட்டுவது என்றும் தெரியவில்லை.
– வாசகர், பாளையங்கோட்டை

உங்கள் அலுவலக நாள்களை ரயில்தான் தீர்மானிக்கிறது என்பதை ஏற்றுக்கொண்டு அங்கிருந்து தொடங்குங்கள். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. ஆகவே இரண்டு மாதத்துக்கு முன்பே உங்கள் அலுவலக வாரங்கள் முடிவாகியிருந்தால்தான், முன்பதிவு திறக்கும் நாளில் நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் பிடிக்க முடியும். காலண்டரில் பயணத் தேதியை எழுதும்போதே, அதற்கு 60 நாள் முன்னால் முன்பதிவு திறக்கும் தேதியையும் எழுதிவிடுங்கள்.

இன்னொன்றும் செய்து பார்க்கலாம். விதி மாதத்துக்கு 10 நாள் என்று மட்டும் இருந்து, வாரத்துக்கு இத்தனை என்று இல்லாவிட்டால், ஒரு மாதத்தின் கடைசி இரண்டு வாரங்களையும் அடுத்த மாதத்தின் முதல் இரண்டு வாரங்களையும் சேர்த்து நான்கு வாரம் தொடர்ந்து சென்னையில் இருந்துவிட்டு, அடுத்த நான்கு வாரம் ஊரில் இருக்கலாம். இரண்டு மாதத்துக்கு இரண்டு முறை போய் வருவது ஒரு முறையாகக் குறையும். வயதான பெற்றோர் இருக்கும் வீட்டில் இது ஒத்துவருமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். மேனேஜரிடமும் முன்கூட்டியே சொல்லி, மின்னஞ்சலில் ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள். இந்த முறையில் மாதம் மாறும் நாளில் எண்ணிக்கையும் புதிதாகத் தொடங்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். நான்கு வாரத்தில் 20 நாள் என்று மொத்தமாக எண்ணிவிட்டு, ஒரு மாதத்தில் 11-உம் மற்றதில் 9-உம் ஆகிப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வாடகைப்படி விலக்கு பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும் உண்டு. நீங்கள் பெறும் வாடகைப்படி, கொடுத்த வாடகையில் சம்பளத்தின் 10 சதவீதத்தைக் கழித்த மீதி, சம்பளத்தில் குறிப்பிட்ட பங்கு ஆகிய மூன்றில் எது குறைவோ அதுவே விலக்கு. அந்தப் பங்கு சென்னையில் தங்குமிடம் இருந்தால் 50 சதவீதம், திருநெல்வேலியில் என்றால் 40 சதவீதம். அலுவலகம் எந்த ஊரில் இருக்கிறது என்பதல்ல, வாடகை கொடுத்துக் குடியிருக்கும் இடம் எங்கே என்பதுதான் இதில் கணக்கு. பாளையங்கோட்டை வீடு உங்கள் குடும்பத்துடையது, அதற்கு வாடகை கொடுக்கவில்லை என்றால் அதைக் காட்ட வழியில்லை. தாம்பரம் விடுதிக்குக் கொடுத்த தொகைக்கு மட்டும், தங்கிய தேதிகளோடு ரசீது வாங்கி வையுங்கள்; ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் உரிமையாளரின் பான் எண்ணும் வேண்டும். தாம்பரம் இப்போது தனி மாநகராட்சி என்பதால் 50 சதவீதத்துக்குள் வருமா என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுப் படிவத்தை நிரப்புங்கள். நீங்கள் எழுதி வைக்கும் 'அ' நாள்கள் அந்த ரசீதுகளுக்குத் துணையாக நிற்கும்.

நானும் கணவரும் ஆளுக்கு வாரம் மூன்று நாள் அலுவலகம் போகிறோம். மகள் இரண்டாம் வகுப்பு. மாமியார் உடன் இருக்கிறார், ஆனால் முழங்கால் வலி. யார் எந்த நாள் வீட்டில் என்பதில் வாரந்தோறும் வாக்குவாதம். எல்லா வேலையும் என் வீட்டு நாள்களிலேயே வந்து விழுகிறது.
– வாசகி, துரைப்பாக்கம்

ஐந்து நாளில் ஆளுக்கு மூன்று என்றால் மொத்தம் ஆறு. எப்படி மாற்றிப் போட்டாலும் ஒரு நாளாவது இருவரும் வெளியே இருந்தே ஆக வேண்டும். இதில் யார் தவறும் இல்லை என்பதை முதலில் இருவரும் ஒப்புக்கொண்டால், வாக்குவாதத்தில் பாதி அடங்கும். அந்த நாள் ஒன்றே ஒன்றாக இருக்கும்படி செய்வதுதான் உங்கள் கையில் இருக்கிறது. அவர் திங்கள், செவ்வாய், புதன்; நீங்கள் புதன், வியாழன், வெள்ளி. புதன் மட்டும் பொதுவாக வரும். அந்தப் புதன்கிழமைக்கு மட்டும் பள்ளி விட்ட பிறகான காப்பகமோ, நம்பிக்கையான பக்கத்து வீடோ ஏற்பாடு செய்துவிட்டால் வாரம் நேராகிவிடும். இருவர் நிறுவனமும் நாளை நிர்ணயித்திருந்தால், குழந்தை சிறியவள் என்ற காரணத்தைச் சொல்லி ஒரு நாளை மாற்றித் தரும்படி கேட்கலாம். கேட்கும் பொறுப்பை இருவரும் ஏற்க வேண்டும், நீங்கள் மட்டும் அல்ல.

ஞாயிறு மாலை பத்து நிமிடம் காலண்டர் முன் நின்று, அவருக்கு ஒரு நிறத்திலும் உங்களுக்கு ஒரு நிறத்திலும் குறியுங்கள். மாமியாரின் மருத்துவர் நாள், பள்ளியில் பெற்றோர் கூட்டம் போன்று நகர்த்த முடியாதவற்றை முதலில் எழுதிவிட்டு, அலுவலக நாள்களைப் பிறகு எழுதுங்கள். மாமியாரையும் அழைத்துக்கொள்ளுங்கள், யார் எப்போது வருவார்கள் என்று தெரியாமல் பகல் முழுவதும் காத்திருப்பது அவருக்குத்தான் அதிகம்.

உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாள் வேலை நாள்தான். சிலிண்டர் வருவது, குழாய் ரிப்பேர், உறவினர் வருகை எல்லாம் பெண்ணின் வீட்டு நாளுக்கு மட்டும் நகர்ந்து வருவதாக எனக்கு எத்தனையோ பேர் எழுதுகிறார்கள். இரண்டு மாதம் ஒரு காரியம் செய்யுங்கள்: காலண்டரில் அந்தந்த நாளின் கீழே, அன்று வந்த வீட்டு வேலையையும் அதைச் செய்தவரையும் ஒரு சொல்லில் எழுதிக்கொண்டே வாருங்கள். அதைக் கணவரிடம் குற்றப்பத்திரிகையாக நீட்ட வேண்டாம். அடுத்த மாதத்து வேலைகளைப் பிரிக்கும்போது பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

என் அட்டையை நண்பரிடம் கொடுத்து ஸ்வைப் செய்யச் சொன்னால் என்ன? பலர் செய்கிறார்கள்.
– வாசகர், சிறுசேரி

செய்யாதீர்கள். வராத நாளை வந்ததாகக் காட்டுவது பொய்ப் பதிவு. இதற்காக வேலையே போகலாம், அட்டையைத் தேய்த்துக் கொடுத்த நண்பரின் வேலையும் சேர்ந்து போகலாம். வாசல் கேமராவையும், உங்கள் கணினி எந்த இணைப்பிலிருந்து வேலை செய்தது என்பதையும் அட்டைப் பதிவோடு ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். விதித்த நாள்கள் போக முடியாத நிலை உண்மையாகவே இருந்தால், அந்தக் காரணத்தை எழுதி விலக்கு கேளுங்கள். கிடைக்காமல் போனாலும், கேட்டவர் என்ற மதிப்பு மிஞ்சும்.

மெல்போர்னில் இருக்கிறேன். வாரம் இரண்டு நாள் அலுவலகம், மூன்று நாள் வீடு. வீட்டிலிருந்து வேலை பார்த்த நாள்களுக்கு வரிக்கழிவு உண்டு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மூன்று நாளை 52-ஆல் பெருக்கிப் போட்டால் போதாதா?
– வாசகி, ஆஸ்திரேலியா

போதாது. சென்னையில் இருப்பவர் அலுவலக நாளை எண்ண வேண்டியிருக்கிறது. நீங்கள் வீட்டு நாளை எண்ண வேண்டும், அதுவும் மணிக்கணக்கில். ஆஸ்திரேலிய வரித்துறையின் நிலையான விகித முறையில், 2024 ஜூலை 1-இல் தொடங்கிய வரியாண்டு முதல் வீட்டில் வேலை பார்த்த ஒவ்வொரு மணிக்கும் 70 சென்ட் கழிக்கலாம். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் அது 67 சென்ட். மின்சாரம், எரிவாயு, இணையம், தொலைபேசி, எழுதுபொருள் எல்லாம் அந்த 70 சென்டுக்குள் அடக்கம். மேசை, நாற்காலி, கணினி ஆகியவற்றின் தேய்மானத்தைத் தனியாகக் கேட்கலாம்.

ஆனால் 2023 மார்ச் 1 முதல் உத்தேசக் கணக்கை அவர்கள் ஏற்பதில்லை. நான்கு வாரம் எழுதிவிட்டு ஆண்டு முழுவதற்கும் பெருக்கும் பழைய வழியும் போய்விட்டது. ஆண்டு முழுவதும், வீட்டில் வேலை பார்த்த அத்தனை மணிக்கும் டைம்ஷீட்டோ ரோஸ்டரோ நாட்குறிப்போ இருக்க வேண்டும். மேலே சொன்ன செலவு ஒவ்வொன்றுக்கும் ஒரு பில்லாவது வேண்டும். ஐந்து ஆண்டு பாதுகாக்க வேண்டும். பொது விடுமுறையும் விடுப்பும் ஊருக்கு வந்து போன வாரங்களும் 52-இல் அடங்கியிருப்பதால், உங்கள் பெருக்கல் உண்மையைவிடக் கூடுதலாகத்தான் வரும். ஒரு நாளைக்கு ஏழரை மணி என்று வைத்தால் ஒரு வீட்டு நாளின் மதிப்பு ஐந்தே கால் டாலர். சிறு தொகைதான், நூற்று முப்பது நாள் சேர்ந்தால் கழிவு 680 டாலரைத் தாண்டும்.

இதைப் படித்துவிட்டு இங்குள்ளவர்கள் எழுதக்கூடும் என்பதால் சொல்லிவிடுகிறேன்: இந்தியாவில் சம்பளம் பெறுவோருக்கு வீட்டு வேலைச் செலவு என்று தனிக் கழிவு இல்லை. புதிய முறையில் 75,000 ரூபாய், பழைய முறையில் 50,000 ரூபாய் நிலையான கழிவு மட்டும், எங்கிருந்து வேலை பார்த்தாலும் ஒன்றுதான்.

2024 அக்டோபர் மழையின்போது, 15 முதல் 18 வரை வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதிக்கும்படி அரசு ஐ.டி. நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. அந்த நாள்களை எங்கள் நிறுவனம் வராத நாள்களாகவே எண்ணியது. மறுபடி மழைக்காலம் வந்தால் என்ன செய்வது?
– வாசகர், பள்ளிக்கரணை

அரசு சொன்னது அறிவுரை; ஆணை அல்ல. அந்த நாள்களைக் கணக்கிலிருந்து நீக்குவதா என்பதை நிறுவனமே முடிவு செய்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணை எப்படி மூழ்கியது என்பது உங்களுக்குத் தெரியும். இடுப்பளவுத் தண்ணீரில் அலுவலகம் போய் ஒரு 'அ' வாங்க வேண்டியதில்லை என்று நான் உறுதியாகவே சொல்வேன்.

மழை தொடங்கும் முன்பே, செப்டம்பரிலேயே, உங்கள் குழு சார்பில் ஒருவர் ஹெச்.ஆர். பிரிவுக்கு எழுதுங்கள்: சிவப்பு எச்சரிக்கை வந்தாலோ அரசு அறிவுரை வந்தாலோ அந்த நாள்கள் வகுக்கும் எண்ணிலிருந்து நீங்குமா, அல்லது வேறு நாளில் ஈடு செய்ய வேண்டுமா என்று. பதில் எதுவானாலும், மழை பெய்துகொண்டிருக்கும்போது கேட்பதைவிட அது தெளிவாக இருக்கும். அன்றைய தினம், மேனேஜருக்குக் காலையிலேயே ஒரு செய்தி அனுப்பி, அவர் சரி என்று சொன்னதைச் சேமித்துக்கொள்ளுங்கள். தெருவில் தண்ணீர் நிற்பதை ஒரு படம் எடுங்கள். காலண்டரில் வெறும் 'வீ' என்று எழுதாமல், 'வீ – மழை' என்று எழுதுங்கள்.